இரண்டு நாற்பது

தீயணைப்பு வண்டியை வெளியே மழையில் விட்டு
அது நின்ற இடத்தில் எங்களை நிறுத்தினார்கள்.
காலடியில் எண்ணெய்க் கறை.
ஒன்பது பெண்கள்,
அப்புறம் ஜெனோன்:
மெத்தை தைத்த அங்கி, பனிச்சறுக்குக் கண்ணாடி,
சனிக்கிழமைகளில் மட்டும் கெட்டவன்.

லுத்மிவா சூயிங்கம் மென்றபடி சொன்னாள்:
"பையிலிருந்து எடுங்கள், பார்ப்போம்."
சாவி வந்தது.
டிராம் சீட்டு, உதட்டுப் பசை,
நேற்றைய பன்னின் துணுக்கு வந்தன.
குப்பி வர எனக்குப் பதினொரு நொடி.
தபால் நிலையத்து பொகுமிவாவுக்குப் பத்தொன்பது.
"கைப்பைக்குள் கிடந்தால்
அது கைப்பைக்குத்தான் காவல்" என்றாள்.

கோட்டுப் பையில், வலப்பக்கம்.
கட்டைவிரல் மூடிக்கு அடியில்.
காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தைக் கேள்.
ஒரு புருவத்திலிருந்து மறு புருவத்துக்குக் கோடு கிழி.
கிழித்ததும் விலகு,
நின்று வேடிக்கை பார்க்காதே, ஓடு.
எல்லாவற்றுக்கும் முன்னால்
கத்து.

பயிற்சிக் குப்பியில் வெறும் தண்ணீர்.
ஜெனோன் என்னை நோக்கி வந்தான்,
தோளைச் சாய்த்து, வேகமாக.
நான் கையை நீட்டி, வாயைத் திறந்து,
"மாலை வணக்கம்" என்றேன்.

கூடமே சிரித்தது.
கண்ணாடிக்குள் அவனும்.
அவர்களுக்கு எப்படிச் சொல்ல?
பதினான்கு வருடமாக
இரவு இரண்டு நாற்பதுக்கு
கத்தோவித்சே ரயிலடிச் சுரங்கப்பாதையில்
எதிர்ப்படும் எவனிடமும் அதைத்தான் சொல்கிறேன்.
நீ நல்லவனா என்று கேட்க
என்னிடம் வேறு வார்த்தை இருந்ததில்லை.

நான்காம் முறை கத்தினேன்.
யாருடைய குரல் என்று
நானே திரும்பிப் பார்த்தேன்.
அந்த ஒரு கணத்தில் என் கழுத்தைப் பிடித்தான் ஜெனோன்,
மெதுவாக, மன்னிப்புக் கேட்கிறவன்போல.

அசல் குப்பி முப்பத்தெட்டு ஸ்வாட்டி.
பெயர்தான் மிளகு,
உள்ளே இருப்பது மிளகாய்.
மிளகு எச்சரிக்கும்,
மிளகாய் பேசாமல் வந்து உட்காரும்.
அடியில் காலாவதித் தேதி:
அதுவரை பயப்பட அனுமதி என்பதுபோல.

ஞாயிறன்று ஆற்றங்கரைக்குப் போனேன்.
ஒரே ஓர் அழுத்தல்.
ஆரஞ்சுக் கோடு நாணல்மேல் விழுந்தது,
ஒரு வாத்து இடம் மாறிக்கொண்டது.
காற்று என் பக்கம் இல்லை. சரியாகத்தான் செய்தேன்.
கையுறையை மட்டும் மறந்தேன்.

திங்கள் அதிகாலை, அடுப்புக்கு முன்னால்,
அதே கையுறையைக் கழற்றிவிட்டு
இடக்கண்ணைத் தேய்த்தேன்.

அதன்பின் கண் என்று ஒன்று இல்லை,
கண் இருந்த இடத்தில் அடுப்பு இருந்தது.
த்சியேசாவ் என் தலையைக் குழாய்க்கடியில் பிடித்துக்கொண்டான்,
மாவுக் கையோடு, கால்மணி நேரம்,
"சிமிட்டு, சிமிட்டு" என்று எண்ணிக்கொண்டே.
முதலாளி எட்டிப் பார்த்தார்.
வெங்காயம் என்றேன்.
"கசகசா ரொட்டிக்கு எதற்கு வெங்காயம்?"
அதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

கண் எரிந்தது சரிதான்.
அதற்கப்புறமும்
குழாயடியில் குனிந்தே இருந்தேன், கொஞ்ச நேரம்.
அது எரிச்சல் இல்லை.
ஒருவன்மேல் இதை நான் செய்யக்கூடும் என்று
அப்போதுதான் தெரிந்தது.
செய்வேன் என்றும்.

வியாழன், இரண்டு நாற்பது.
சுரங்கப்பாதையில் விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது.
படியிறங்கி ஒருவன் வந்தான்,
தலைக்குமேல் குல்லாய், நீளக் கால்கள்.
கன்னத்தைக் கேட்டேன்: காற்று இல்லை.
வலப்பக்கப் பை, மூடி, கட்டைவிரல்.
தொண்டைக்குள் அந்தக் குரல்
வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றது.

அவன் என் கையைப் பார்த்தான்,
கை போயிருந்த பையைப் பார்த்தான்.
சுவரோரம் ஒதுங்கி,
இரண்டு உள்ளங்கையும் தெரிய நடந்து,
என்னைக் கடக்கும்போது,
எனக்கு மிகவும் பழக்கமான குரலில் சொன்னான்:
"மாலை வணக்கம்."

விரலை எடுக்கவில்லை.
"வணக்கம்" என்றேன்.